சனது இல்லாத செய்திகள்

ஹதீஸ் கலையைத் தொடக்க நிலையில் கற்கும் மாணவர்களுக்கு நாம் முதலில் கற்றுக்கொடுப்பது ஒரு கேள்வியைத்தான். "இதை யாரிடமிருந்து கேட்டீர்?" என்பதே அக்கேள்வி. ஒரு செய்தி எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், அது நல்லறத்தையே போதித்தாலும், அதை அறிவித்தவர் யார், அவருக்கு அறிவித்தவர் யார், இருவரும் ஒருவரையொருவர் சந்தித்திருக்க முடியுமா என்றெல்லாம் விசாரிக்காமல் நம் முன்னோர் அதை நபி (ஸல்) அவர்களின் பெயரோடு இணைக்கத் துணியவில்லை. ஹிஜ்ரி 261இல் மறைந்த இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹ் நூலுக்கு எழுதிய முன்னுரையில் பெரும்பகுதியை இந்த எச்சரிக்கைக்காகவே ஒதுக்கினார்கள்.

இத்தகைய மரபில் வந்த நம் வீடுகளில், கைப்பேசிக்கு வரும் ஒரு குறுஞ்செய்தி மட்டும் எவ்வித விசாரணையுமின்றி ஏற்றுக்கொள்ளப்படுகிறதே என்பது நம்மைச் சில காலமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. மார்க்கத்தைப் பற்றி எழுதும் இடத்தில் வங்கிக் கணக்கைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். அல்குர்ஆனின் மிக நீளமான வசனம் சூரா அல்பகராவின் 282ஆம் வசனம் என்பதும், அது கடனை எழுதி வைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது என்பதும் அவர்களுக்குத் தெரிந்ததே. கொடுக்கல் வாங்கலில் கண் திறந்திருப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பாடமன்று.

சென்ற ஆண்டு ஒரு நாள், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட வகுப்பில் ஒரு மாணவர் தம் வாப்பாவின் கைப்பேசிக்கு வந்த செய்தியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தார். "ஹஸ்ரத், இன்னைக்கு ராத்திரி ஒம்பதரை மணிக்குக் கரண்டக் கட் பண்ணிருவாங்களாம். போன மாச பில்லு ஏறலையாம். இந்த நம்பருக்குப் பேசணுமாம்" என்றார். வீட்டில் எல்லோரும் பதறிப்போயிருந்தார்கள். நாம் அச்செய்தியைக் கரும்பலகையில் எழுதி, ஒரு ஹதீஸை ஆராய்வது போலவே இதையும் ஆராயுங்கள் என்றோம்.

அறிவிப்பாளர் யார் என்று கேட்டோம். ஒரு பத்து இலக்க எண், அவ்வளவுதான். "மஜ்ஹூல்" என்றார் கடைசி வரிசையில் இருந்தவர். அறியப்படாதவர் என்று பொருள். மின்வாரியமோ வங்கியோ தனி ஒருவரின் பத்து இலக்க எண்ணிலிருந்து எச்சரிக்கை அனுப்புவதில்லை. அவற்றின் குறுஞ்செய்திகள் பதிவு செய்யப்பட்ட எழுத்துக் குறியீட்டின் பெயரில் வரும். அடுத்து, செய்தியின் உள்ளடக்கத்தைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கணக்கெடுக்கப்படுகிறது. அப்படியிருக்கப் "போன மாத பில்" என்பது எங்கிருந்து வந்தது? இணைப்பு எண்ணும் அதில் இல்லை, செலுத்த வேண்டிய தொகையும் இல்லை. பயமுறுத்தலும் ஒரு தொலைபேசி எண்ணும் மட்டுமே இருந்தன. மாணவர்கள் பத்து நிமிடத்தில் அதை "மவ்ளூஃ", இட்டுக்கட்டப்பட்டது, என்று தீர்ப்பளித்துவிட்டார்கள். அந்த எண்ணுக்குப் பேசியிருந்தால் நடந்திருக்கக்கூடியதையும் அவர்களுக்கு விளக்கினோம். பத்து ரூபாய் மட்டும் கட்டினால் போதும் என்பார்கள். அதற்காக ஒரு செயலியை நிறுவச் சொல்வார்கள். அது நம் திரையை அவர்களுக்கு அப்படியே காட்டிக்கொடுக்கும் செயலி. நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லும், வந்து விழும் ஓடிபியும் எங்கோ அமர்ந்திருப்பவரின் கண்ணுக்குத் தெரியும். பத்து ரூபாய் அவர்களுக்குத் தேவையில்லை.

ஹதீஸ் கலையில் "தத்லீஸ்" என்றொரு குறை உண்டு. ஓர் அறிவிப்பாளர் தமக்கு உண்மையில் சொன்னவரை மறைத்துவிட்டு, பெரிய ஆசிரியர் ஒருவரிடமே நேரில் கேட்டது போலத் தோன்றும்படி வார்த்தைகளை அமைத்துக்கொள்வது. இன்று பிஷிங் என்று சொல்கிறார்களே, அதன் உடற்கூறு முழுவதும் இதுதான். சொல்பவன் ஒருவன்; காட்டப்படும் பெயரோ வங்கியுடையது, வருமான வரித்துறையுடையது, கூரியர் நிறுவனத்துடையது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் இட்டுக்கட்டப்பட்ட செய்திகளை அடையாளம் காண்பதற்கென்றே எழுதிய சிறு நூலில், அற்பமான ஒரு செயலுக்கு அளவுகடந்த கூலி பேசப்படுவதை முக்கியமான ஓர் அடையாளமாகக் குறிப்பிடுகிறார்கள். அற்பக் குற்றத்திற்கு அளவுகடந்த தண்டனை பேசப்படுவதையும் அறிஞர்கள் அவ்வாறே சந்தேகித்தார்கள். பரிசு விழுந்திருக்கிறது, ஒரு முறை தட்டினால் போதும் என்ற செய்தியையும், கேஒய்சி புதுப்பிக்காததால் இன்றே கணக்கு முடக்கப்படும் என்ற செய்தியையும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள்.

இணைப்புகளைப் பொறுத்தவரை நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இணைய முகவரியின் உண்மையான உரிமையாளரைக் கண்டுபிடிக்க, அதை அரபியைப் போல வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். முகவரியில் முதல் சாய்கோடு எங்கே வருகிறதோ அங்கே நின்று, அதற்கு இடப்புறமாகப் பின்னோக்கி வாருங்கள். கடைசிப் புள்ளிக்கு முந்தைய சொல்லே பெரும்பாலும் வீட்டுக்காரரின் பெயர். அதற்கும் முன்னால் எத்தனை வங்கிகளின் பெயர்கள் வரிசையாக நின்றாலும் அவை வாசலில் தொங்கவிட்ட தோரணங்களே. இந்திய வங்கிகள் தங்கள் இணையதளங்களை 2025 அக்டோபர் 31க்குள் "பேங்க்.இன்" என முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டதும் இந்தக் குழப்பத்தைக் குறைக்கத்தான். அது முகவரியின் வலக்கோடியில் இருக்க வேண்டும். நடுவில் இருந்தால் பயனில்லை. அழைப்புகளிலும் அப்படியே. வங்கிகள் கணக்குச் சேவை தொடர்பாகப் பேசும்போது 1600 எனத் தொடங்கும் எண்களைப் பயன்படுத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். ஆயினும் பாதுகாப்பான வழி ஒன்றே: வந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு, ஏடிஎம் அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள எண்ணுக்கு நாமே பேசுவது. செய்தியைக் கொண்டுவந்தவரை விட்டுவிட்டு, அது எவர் பெயரில் சொல்லப்பட்டதோ அவரிடமே சென்று கேட்பதற்காக நம் இமாம்கள் மாதக்கணக்கில் பயணம் செய்திருக்கிறார்கள். நமக்கு ஒரு தொலைபேசி அழைப்புதான்.

பின் எண்ணைப் பற்றி ஒரே வரி. யுபிஐ பின் என்பது நம் பணம் வெளியே போவதற்கோ இருப்பைப் பார்ப்பதற்கோ மட்டுமே. பணம் நமக்கு வருவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை.

மேலே சொன்னவை திருடர்களின் கதை. திருட்டு என்று சொல்ல முடியாத, ஆனால் நம் சம்மதமும் தெளிவாக இல்லாத இன்னொரு வகை உண்டு. அது சிறிது சிறிதாகக் கழிவது, யாரும் கவனிப்பதில்லை. நம் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுமியின் நன்னி, ஐம்பதை எட்டாதவர், பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். மகன் தம்மாமில் வேலை பார்க்கிறார். "ஹஸ்ரத், மவன் அனுப்புற காசுல கொஞ்சங் கொஞ்சமாக் கொறையுது. பேங்க்ல கேட்டா சிரிக்கிறாங்க. யார்ட்டப் போயிக் கேக்குறதுன்னு தெரியல" என்றார். உட்காருங்கள் உம்மா என்று சொல்லி, வரிவரியாக வாசித்தோம்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை 17 ரூபாய் 70 காசு. அது குறுஞ்செய்திக் கட்டணமும் அதன் மீதான வரியும். ஏடிஎம் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம். மே மாத இறுதியில் 436 ரூபாய் ஒரு முறையும் 20 ரூபாய் ஒரு முறையும். இவை மத்திய அரசின் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்திற்கும் விபத்துக் காப்பீட்டுத் திட்டத்திற்குமான ஆண்டுச் சந்தா. 2022 ஜூன் முதல் தொகை இதுதான். இத்திட்டங்களில் சேருவது அவரவர் விருப்பம். கணக்கு வைத்திருப்பதற்கு அது நிபந்தனை அல்ல. அந்த உம்மாவுக்குத் தாம் சேர்ந்ததே தெரியாது. கணக்குத் தொடங்கிய நாளில் பல தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள், அவற்றில் ஒன்று இதுவாக இருந்திருக்கிறது. காப்பீட்டின் மார்க்கச் சட்டம் பற்றி ஆலிம்களிடையே நிகழும் ஆய்வுக்குள் நாம் இங்கே நுழையவில்லை. கொடுக்கல் வாங்கலில் இரு தரப்பின் மனப்பொருத்தம் நிபந்தனை என்பதில் மட்டும் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. தெரியாமல் இட்ட கையெழுத்தை மனப்பொருத்தம் என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. வங்கிக்கு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்தோம். கழிந்தது திரும்பவில்லை, அடுத்த ஆண்டு முதல் நின்றது.

மாதந்தோறும் 299 ரூபாய் கழிந்துகொண்டிருந்ததுதான் வேடிக்கை. பேரன் ஒருநாள் விளையாட்டுச் செயலி ஒன்றை ஒரு ரூபாய்க்குச் "சோதித்துப் பார்க்க" எடுத்திருக்கிறான். அந்த ஒரு ரூபாயோடு, மாதாமாதம் எடுத்துக்கொள்ளும் அனுமதியும் போய்விட்டது. பிள்ளை அந்தச் செயலியை அன்றே அழித்துவிட்டான். ஆனால் செயலியை அழிப்பதால் அனுமதி அழிவதில்லை. யுபிஐ செயலிக்குள் ஆட்டோபே என்ற பகுதிக்குச் சென்று அந்த அனுமதியை நாமே ரத்து செய்ய வேண்டும். இப்படித் தானாகக் கழியும் தொகைகளுக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும் என்ற விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த உம்மாவின் கைப்பேசியிலும் ஆறு மாத அறிவிப்புகள் வரிசையாக இருந்தன, ஆங்கிலத்தில்.

நம் பெரியவர்களில் சிலர் பாஸ்புக்கைத் திறப்பதே இல்லை. வட்டி வரவு வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்கிறார்கள். அந்த உணர்வை நாம் மதிக்கிறோம். ஆனால் பார்க்காமல் அதைப் பிரித்தெடுப்பது எப்படி? எது நம் பணம், எது நம்முடையதல்ல என்று பிரிக்க முதலில் கணக்கை வாசிக்க வேண்டியிருக்கிறது. ஜகாத் கணக்கிடும் நாளில் மட்டும் இருப்புத் தொகையைக் கேட்டுக்கொள்வது போதாது. பிறரைச் சந்தேகிப்பது பாவமல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. நல்லெண்ணம் கொள்வது மனிதரைக் குறித்த நம் உள்ளத்தின் நிலை. சூரா அல்ஹுஜுராத்தில் செய்தியைத் தீர விசாரிக்கும்படி இடப்பட்ட கட்டளை நம் செயலுக்கானது. இரண்டும் ஒரே சூராவில்தான் இருக்கின்றன. ஊகங்களைத் தவிர்க்கச் சொல்லும் வசனம் அதில் பிறகு வருகிறது, விசாரிக்கச் சொல்லும் வசனம் முன்னால் வருகிறது.

இழந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே நமக்கு அதிகக் கவலை தருகிறது. கணவர் குவைத்தில் இருக்கும் ஓர் இளம் பெண், பார்சல் ஒன்று முகவரி சரியில்லாமல் நிற்கிறது என்ற அழைப்பை நம்பி ஓடிபியைச் சொல்லிவிட்டார். 38,000 ரூபாய் போயிற்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் என்ன சொல்வார், கணவர் என்ன நினைப்பார் என்று அஞ்சி ஒன்பது நாட்கள் மறைத்தார். பத்தாம் நாள் அவருடைய லாத்தா மூலம் நம்மிடம் செய்தி வந்தபோது, பணம் எத்தனையோ கணக்குகளைத் தாண்டியிருந்தது. சொற்பமே மீண்டது. அவருடைய கணவர் அவரைத் திட்டவில்லை. அந்த ஒன்பது நாட்களும் அவர் தனியாக அழுததற்குத்தான் வருந்தினார்.

முதல் சில மணி நேரம்தான் இதில் எல்லாம். 1930 என்ற எண்ணுக்கு அழைத்தாலோ, சைபர்க்ரைம்.ஜிஓவி.இன் தளத்தில் பதிந்தாலோ, பணம் போய்ச்சேர்ந்த கணக்கில் அதை நிறுத்திவைக்க வங்கிகளுக்கு உடனே தகவல் போகிறது. எடுத்துச் செல்லப்படுவதற்கு முன் தகவல் போய்ச்சேர்ந்தால் மட்டுமே அங்கு நிறுத்திவைக்க ஏதாவது இருக்கும். தன் வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லி, புகார் எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதியின்படி, வாடிக்கையாளரின் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாமவரால் பணம் போயிருந்தால், தகவல் வந்த நாளை விட்டுவிட்டு மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அவருடைய பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியையோ பின்னையோ தாமே சொல்லியிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது. ஆனால் அவர் வங்கிக்குத் தெரிவித்த நிமிடத்திற்குப் பிறகு போகும் பணத்திற்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே எந்த நிலையிலும் உடனே சொல்வதே லாபம். வங்கி முப்பது நாட்களுக்குள் தக்க பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது, இந்த எண்ணை மனைவிக்கும் தாயாருக்கும் சொல்லும்போதே, என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், நான் கோபிக்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

பயமுறுத்தும் அழைப்புகளில் ஒரு வகை நம் குடும்பங்களை அதிகமாகத் தாக்குகிறது. காவல் சீருடையில் ஒருவர் காணொளி அழைப்பில் தோன்றி, உங்கள் ஆதார் எண்ணைக் கொண்டு தேசவிரோதச் செயலுக்குப் பணம் போயிருக்கிறது, அறையை விட்டு வெளியேறக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்பார். முஸ்லிம் பெயர் கொண்ட ஒருவருக்கு அந்தக் குற்றச்சாட்டு எப்படி வயிற்றைக் கலக்கும் என்பது அழைப்பவனுக்கு நன்றாகத் தெரியும். காணொளி அழைப்பில் ஒருவரைக் கைது செய்யும் வழக்கம் இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே தமது வானொலி உரையில் இதைச் சொல்ல வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவர் சொன்ன அந்தக் கணமே, அழைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டாரிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் சொல்லிவிட வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இப்படித் திருடப்படும் பணம் யாருடைய கணக்கில் போய் இறங்குகிறது? கமிஷனுக்காகத் தன் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் வேறொருவரிடம் கொடுத்துவிடும் மாணவர்களின் கணக்குகளில்தான். நான் எதையும் திருடவில்லை, கணக்கை மட்டும்தான் கொடுத்தேன் என்பது சட்டத்தில் நிற்காது. மறுமையில் நிற்கும் என்றும் நமக்குத் தோன்றவில்லை. அந்த இரண்டாயிரம் ரூபாய் கமிஷனில் எந்த விதவையின் பணம் கலந்திருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நம் தெருப் பிள்ளைகளிடம் இதைப் பெற்றோர் பெயர் சொல்லிப் பேச வேண்டும்.

ரமளானில் ஸதகா கேட்டு வரும் கியூஆர் படங்களுக்கும் சனது கேளுங்கள். 2023 ஏப்ரலில், ரமளான் மாதத்திலேயே, ஜகார்த்தாவின் இஸ்திக்லால் உள்ளிட்ட பள்ளிவாசல்களின் காணிக்கைப் பெட்டிகளில் ஒருவன் தன் கணக்கின் கியூஆர் வில்லையை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். தொழ வந்தவர்கள் பள்ளிக்கென்று நினைத்துத் தட்டிய பணம் அவனுக்குப் போயிற்று. பள்ளிவாசலுக்குள் நடந்தது இது. அப்படியிருக்க, ஐம்பது குழுக்களைத் தாண்டி வந்த ஒரு படத்தில், நோயாளிக் குழந்தையின் முகத்துக்குக் கீழே இருக்கும் கணக்கு யாருடையது? ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை வாசித்துவிட்டு, அது அறக்கட்டளையின் பெயரா, முன்பின் தெரியாத ஒருவரின் பெயரா என்று பார்த்து அனுப்புங்கள். ஐயமிருந்தால் கைநிறைய அள்ளி உங்கள் தெருவிலுள்ள ஏழைக்குக் கொடுங்கள், அவருக்கு சனது தேவையில்லை.

நம் ஜமாஅத்தில் இப்போது மாதத்தின் முதல் வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு, கல்லூரியில் படிக்கும் நான்கைந்து பிள்ளைகள் மதரஸா வராந்தாவில் மேசை போட்டு அமர்கிறார்கள். பெண்களுக்கு அஸருக்குப் பிறகு, பெண் பிள்ளைகளே தனியாக அமர்கிறார்கள். கூட்டம் அங்கேதான் அதிகம். பாஸ்புக்கை முன்கூட்டியே வங்கியில் பதிவிட்டுக் கொண்டுவாருங்கள். கைப்பேசியையும் கொண்டுவரலாம். பின் எண்ணை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள், அந்தப் பிள்ளைகளிடமும், நம்மிடமும்.